தண்ணி எதைத் தொடுது?

மார்ச் நடுவில் ரிசல்ட் வரும். அன்றைக்குச் சாயங்காலம் என் மாடிப்படியில் கேட்கிற செருப்புச் சத்தத்தை வைத்தே பாதி சொல்லிவிடுவேன். நல்ல மார்க் வாங்கினவன் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறுவான். மற்றவன் வரவே மாட்டான். பத்துப் பதினைந்து நாள் கழித்து, வகுப்பு இல்லாத மத்தியான நேரமாகப் பார்த்து வந்து, "சும்மாதான் சார், இந்தப் பக்கம் ஒரு வேலையா வந்தேன்" என்பான். பங்குனி வெயிலில் முருகன்குறிச்சிப் பக்கம் யாரும் சும்மா வருவதில்லை.

பாளையங்கோட்டையில் பதினாறு வருடமாக 'கேட்' தேர்வுக்கு சிவில் பாடம் எடுக்கிறேன். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: பொறியியல் முடித்தவர்கள் ஐ.ஐ.டி.யிலோ என்.ஐ.டி.யிலோ எம்.டெக். சேர எழுதுகிற தேர்வு அது. பெங்களூரு ஐ.ஐ.எஸ்.சி.யும் ஏழு பழைய ஐ.ஐ.டி.களும் முறை வைத்து நடத்துகின்றன. 3 மணி நேரம், 65 கேள்வி, 100 மார்க். தேறிச் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுதலாம், வயது வரம்பும் இல்லை. அந்த ஒரு விதிதான் என்னைப் போன்றவர்களுக்குச் சோறு போடுகிறது. என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே ஒரு தடவை எழுதி அடி வாங்கினவர்கள். ரிப்பீட்டர் என்று சொல்வோம். பெயர் நன்றாக இல்லைதான், ஆனால் அவர்களே அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார்கள்.

நானும் ஒரு ரிப்பீட்டர்தான். நான் எழுதியது பென்சிலால் வட்டத்தைக் கறுப்பாக்குகிற காலம். மதுரைக்குப் போய் எழுதிவிட்டு வந்தேன். மார்க் வந்ததும் வீட்டில் சொல்லவில்லை. "இன்னும் வரல" என்றே இரண்டு வாரம் ஓட்டினேன். சாயங்காலமானால் சுலோச்சன முதலியார் பாலத்தில் போய் நிற்பேன். 1843-இல் கட்டின பாலம் இன்றைக்கும் பஸ்ஸைத் தாங்குகிறது, நம்மால் ஒரு பரீட்சையைத் தாங்க முடியவில்லையே என்று நினைத்துக்கொள்வேன். சிவில் படித்தவனுக்குத் துக்கம் வந்தால்கூட சுமை, தாங்குதிறன் என்றுதான் வரும்.

அப்புறம் எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன். புன்மியா புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து மறுபடி எடுத்தேன். போன வருடம் நீல மையில் அடிக்கோடு போட்ட வரிகளுக்கு இந்த வருடம் சிவப்பில் போட்டேன். நாளைக்குப் பத்து மணி நேரம். வீட்டில் எல்லோருக்கும் என் மேல் மரியாதை வந்துவிட்டது. அடுத்த பிப்ரவரியில் எழுதினேன். மூன்றோ நான்கோ மார்க் கூடியிருந்தது. ஒரு வருடம் முழுக்கத் தெரிந்ததையே திரும்பத் தெரிந்துகொண்டிருக்கிறேன் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லவும் வழியில்லை. அந்தக் காலத்தில் மார்க் மட்டும்தான் கைக்கு வரும், நாம் எதில் தப்பினோம் என்பது வராது. மூன்றாவது தடவை, தேர்வு முடிந்த கையோடு பெரியார் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து, எந்தெந்தக் கேள்விக்கு என்ன போட்டேன், ஏன் போட்டேன் என்று ஞாபகத்திலிருந்து எழுதி வைத்தேன். நாலாவது தடவைக்கு ஆகும் என்றுதான் எழுதினேன். அது தேவைப்படாமல் போய்விட்டது. அந்தத் தாளை மட்டும் இன்னும் வைத்திருக்கிறேன்.

இப்போது பிள்ளைகளுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. 2014 முதல் எல்லாப் பாடமும் கணினியில்தான். தேர்வு முடிந்து கொஞ்ச நாளிலேயே ரெஸ்பான்ஸ் ஷீட் வந்துவிடும். எந்தக் கேள்விக்கு எதைத் தட்டினோம் என்பது ஒன்றுவிடாமல் அதில் இருக்கும். விடைக்குறிப்பும் வரும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும். ஆனால் தோற்றவன் அதைத் திறக்கமாட்டான். மார்க்கைத் தாங்கிக்கொள்கிறான், அந்தத் தாளைத் தாங்க முடியவில்லை. அதனால் எனக்கு ஒரு வழக்கம் உண்டு. பாஸானவன் அல்வா கொண்டு வரலாம், பெயிலானவன் ரெஸ்பான்ஸ் ஷீட் இல்லாமல் வரக்கூடாது. (எங்கள் ஊரில் அல்வாவுக்கு இரண்டு அர்த்தம் இருப்பதால், அதைப் பாஸானவனிடம் மட்டும்தான் கேட்பேன்.)

2024-இல் ரெஸ்பான்ஸ் ஷீட்டோடு வந்த என் மாணவி ஒருத்தியைப் பற்றிச் சொன்னால் விஷயம் விளங்கும். கைலாசபுரத்தில் வீடு. அப்பாவுக்குத் திருநெல்வேலி ஜங்ஷனில் ஜெராக்ஸ் கடை. 2023 டிசம்பர் 17, 18-இல் பெய்த மழையைத் தென் மாவட்டத்துக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கரையை உடைத்துக்கொண்டு ஜங்ஷனுக்குள்ளும் கொக்கிரகுளத்துக்குள்ளும் வந்தது. கடையில் இரண்டு மெஷினும் போயிற்று. வீட்டில் இவளுடைய நோட்டெல்லாம் தண்ணீரில் கிடந்தது. நான் போனபோது நோட்டுகளைப் பிரித்துக் கொடியில் காயப்போட்டிருந்தாள், அப்பளம் மாதிரி நெளிந்து தொங்கின. சூத்திரங்களைக் கலர் கலராக ஜெல் பேனாவில் எழுதியிருந்தாள், அவ்வளவும் கரைந்துபோயிருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தது பால்பாயின்டில், அது அப்படியே நின்றது. தேர்வுக்கு ஏழு வாரம்தான் இருந்தது.

மார்ச் 16-இல் ரிசல்ட். 32 மார்க். கட்-ஆஃபைத் தாண்டிவிட்டாள். ஸ்கோர் ஆயிரத்துக்கு நானூறைத் தொடவில்லை. வழக்கம்போல மத்தியான வெயிலில் வந்தாள், கூடவே அவள் அப்பாவும்.

"சார், ஆயிரத்துக்கு நானூறுகூட இல்லன்னா அது என்ன பாஸு?" என்றார் அவர்.

இதை விளக்காமல் எந்த வீட்டிலும் நிம்மதி வராது. அந்த ஆயிரம் நம் ஊர் ஆயிரம் இல்லை. எழுதின அத்தனை பேரின் சராசரியோடு திட்டவிலக்கத்தையும் கூட்டி, அது, அல்லது 25 மார்க், இரண்டில் எது பெரியதோ அதுதான் பொதுப்பிரிவுக்குக் கட்-ஆஃப். அந்தக் கட்-ஆஃப் வாங்கினவனுக்கு ஸ்கோர் 350 என்று வைத்துக்கொள்கிறார்கள். உச்சத்தில் இருக்கிற சிறு கூட்டத்தின் சராசரிக்கு 900. மற்றவர்கள் நடுவில். ஆக 350 என்பது வாசற்படி. இவள் படியைத் தாண்டி வராந்தாவில் நிற்கிறாள்.

அவர் கேட்டுக்கொண்டார். அப்புறம் தன் கணக்கைச் சொன்னார்: "எனக்குத் தெரியாமத்தான் கேக்கேன் சார். சைட் இன்ஜினியர் வேலைக்கு மாசம் பதினஞ்சாயிரம் தாரேங்கான். இவ படிச்சுப் பாஸ் பண்ணிச் சேந்தா பன்னிரண்டாயிரத்து நானூறு. ரெண்டாயிரத்து அறுநூறு குறையறதுக்கு ஒரு வருசம் சும்மா இருக்கணுமாக்கும்?"

பதினாறு வருடத்தில் இவ்வளவு சரியான கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. அதற்கு எதிர்காலம், கனவு என்றெல்லாம் பதில் சொன்னால் அது ஏமாற்று. "இந்த ஸ்கோர் மூணு வருசம் செல்லும் அண்ணாச்சி. அடுத்த வருசம் எழுதிக் குறைஞ்சுபோனாலும் இதை வச்சே கேக்கலாம். இருக்கிற வீட்டை இடிச்சிட்டுக் கட்டச் சொல்லல, பக்கத்து மனையில கட்டிப் பாக்கச் சொல்லுதேன்" என்றேன். கொஞ்ச நேரம் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு வருசம். அதுக்கு மேல கிடையாது" என்று எழுந்தார். எழுதி வாங்கிக்கொள்ளாத ஒப்பந்தம்தான், ஆனால் ரிப்பீட்டருக்கு அப்படி ஒரு எல்லை அவசியம் வேண்டும்.

அவர் போனதும் இவள், "வெள்ளம் மட்டும் வரலன்னா சார்..." என்று ஆரம்பித்தாள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ரெஸ்பான்ஸ் ஷீட்டைப் பிரித்தோம்.

65-இல் 60 கேள்வியைத் தொட்டிருந்தாள். 28 சரி. அதில் ஒரு மார்க் கேள்வி 15, இரண்டு மார்க் கேள்வி 13. ஆக சம்பாதித்தது 41. நாலில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிற கேள்விகளில் தப்பு விட்டால் அபராதம் உண்டு: ஒரு மார்க் கேள்விக்கு மூன்றில் ஒரு பங்கு, இரண்டு மார்க் கேள்விக்கு மூன்றில் இரண்டு பங்கு. அந்த வகையில் ஒரு மார்க்கில் 7, இரண்டு மார்க்கில் 10, மொத்தம் பதினேழு தப்பு. 9 மார்க் அபராதம். 41 சம்பாதித்து 9 தண்டம் கட்டி 32-ஐ வீட்டுக்குக் கொண்டு வந்திருக்கிறாள்.

"குருட்டாம்போக்குல போட்டது எத்தனை?" என்றேன். ஒவ்வொன்றாகப் பார்த்து நாலு என்றாள். மீதி பதின்மூன்று தெரியும் என்று நினைத்துப் போட்டது.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு போட்டால் நாலில் ஒரு தடவை சரியாக வரும், மூன்று தடவை தப்பும். மூன்று தப்புக்கு மூன்று மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஒரு மார்க் போகும். வந்ததும் போனதும் சரி. குருட்டுத்தனத்துக்கு லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. நஷ்டம் அரைகுறைக்குத்தான். கேள்வி அமைக்கிறவர்கள் புத்திசாலிகள். நாம் எந்த இடத்தில் சறுக்குவோம் என்று முன்கூட்டியே போட்டுப் பார்த்து, சறுக்கினால் வரும் விடையை நாலில் ஒன்றாக வைத்திருப்பார்கள். நம் விடை அங்கே அச்சடித்து இருப்பதைப் பார்த்ததும் நமக்கு ஒரு சந்தோஷம் வரும் பாருங்கள், அதற்குத்தான் அபராதம்.

அந்தப் பதின்மூன்றையும் பாடவாரியாகப் பிரித்தேன். வெள்ளத்துக்கு அப்புறம் திருப்பிப் பார்க்க முடியாமல் போன பாடத்தில் மூன்றுதான் இருந்தது. மீதிப் பத்தும் ஆகஸ்டிலேயே முடித்த பாடம், 'எனக்கு நல்லாத் தெரியும்' என்று அவளே டிக் அடித்து வைத்திருந்தவை. வெள்ளத்தின் மேல் போட்ட பழியை அவள் கண் முன்னாலேயே எடுக்க வேண்டியிருந்தது. அழுதுவிட்டாள். வெள்ளம் காரணமாகவே இருந்திருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

ஒரு தப்பை மட்டும் காட்டுகிறேன். கால்வாயில் நீரோட்டத்தைக் கணக்கிட மானிங் சூத்திரம் என்று ஒன்று உண்டு. அதற்கு முதலில் குறுக்கு வெட்டுப் பரப்பை வெட்டட் பெரிமீட்டரால், அதாவது தண்ணீர் தொடுகிற சுற்றளவால், வகுக்க வேண்டும். 2 மீட்டர் அகலக் கால்வாய், 1 மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பரப்பு 2. தண்ணீர் தொடுவது அடி 2, பக்கச் சுவர் ஒன்றும் ஒன்றும், மொத்தம் 4. வகுத்தால் 0.5. இவள் போட்டது 0.33. செவ்வகத்தின் நாலு பக்கத்தையும் கூட்டி 6 என்று வைத்திருக்கிறாள். குழாய்ப் பாடம் முதலில் படித்த பழக்கம், குழாய்க்கு மேல்பக்கமும் சுவர்தானே. வேகத்துக்குப் போகும்போது கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு குறைந்துவிடும். அந்த மாதிரிக் குறைந்த விடையும் பட்டியலில் தயாராக இருக்கும்.

போர்டில் போட்டுக் காட்டினால் "ஆமா சார், தெரியும் சார்" என்பாள். தெரியும்தான், அதுதானே சிக்கல். மறுநாள் காலையில் நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு சுத்தமல்லிக்குப் போனேன். அங்கே இருக்கிற அணைக்கட்டிலிருந்துதான் நெல்லைக் கால்வாய் பிரிகிறது. பிசானம் அறுப்பு முடிந்திருந்த சமயம், கால்வாயில் முழங்கால் அளவுத் தண்ணீர். இவளைக் கரையில் உட்கார வைத்து, "தண்ணி எதைத் தொடுது?" என்றேன்.

"இந்தக் கரையை. அந்தக் கரையை. அடியில தரையை."

"மேல?"

கையைத் தண்ணீருக்கு மேலே நீட்டி வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "காத்து சார்" என்றாள்.

தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டு இருக்கிறது. ஸ்ரீவைகுண்டத்தில் இருப்பது மட்டும்தான் வெள்ளைக்காரன் காலத்தது, மற்ற ஏழும் அதற்கு ரொம்ப முந்தியது. கோடைமேலழகியானிலிருந்து மருதூர் வரை போய்ப் பார்த்தால் ஹைட்ராலிக்ஸ் பாடத்தில் பாதியை ஆறே நடத்திவிடும். இந்த ஊர்ப் பிள்ளைகள் அதை விட்டுவிட்டு செல்போனில் அனிமேஷன் பார்க்கிறார்கள் என்பது என் நெடுநாள் ஆதங்கம். அது கிடக்கட்டும்.

அபராதம் இல்லாத கேள்விகளிலும் பதினைந்து தப்பு இருந்தது. விடையை எண்ணாகத் தட்ட வேண்டிய கேள்விகளில் ஒன்பது. அதில் நாலு, முறை சரி, எண் சரி, மில்லிமீட்டரில் கேட்டதற்கு மீட்டரில் தட்டியது மாதிரி. 2021-இலிருந்து, ஒன்றுக்கு மேற்பட்ட விடை சரியாக இருக்கிற கேள்விகளும் வருகின்றன. எல்லாவற்றையும் சரியாகத் தொட்டால்தான் மார்க். அதில் ஆறு. ஒன்றைக் கண்டதும் திருப்திப்பட்டுக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போயிருக்கிறாள்.

ஏப்ரல், மே இரண்டு மாதமும் புத்தகத்தைத் தொடக்கூடாது என்று சொல்லி அனுப்பினேன். இதைச் சொன்னால் பெற்றோருக்குப் பிடிக்காது. ஆனால் அடி வாங்கின சூட்டில் படிக்க உட்காருகிறவன் ஜூலைக்குள் எரிந்துபோவான், பார்த்திருக்கிறேன். கார் பருவத்துக்கு அணை திறக்கிற ஜூன் மாதம் வா என்றேன். அந்த இரண்டு மாதமும் அப்பா கடையை மறுபடி எடுத்து நிறுத்த ஒத்தாசை செய்தாள்.

ஜூனில் ஒரு நீள நோட்டு வாங்கச் சொன்னேன், பலசரக்குக் கடையில் பற்று எழுதுவார்களே, அது. பாடக் குறிப்பு அதில் ஒன்றும் எழுதக்கூடாது. தப்பு மட்டும். ஒரு தப்புக்கு ஒரு வரி: என்ன நினைத்தேன், உண்மையில் என்ன. அதே தப்பு மறுபடி வந்தால் பக்கத்தில் ஒரு கோடு. மூன்று மாதிரித் தேர்வில் தொடர்ந்து வராவிட்டால் அடித்துவிடலாம். ஜூலையில் பார்த்தபோது 'யூனிட்' என்ற வரிக்குப் பக்கத்தில் பதினோரு கோடு. செப்டம்பரில் அந்த வரியை அடித்திருந்தாள்.

கையில் பிடிக்கிற கால்குலேட்டரை ஜூனிலேயே அவளிடமிருந்து வாங்கி என் மேசையில் வைத்துக்கொண்டேன். தேர்வில் திரையில் இருக்கிற கால்குலேட்டர்தான், மவுஸால் அழுத்த வேண்டும். அதில் எண்ணை முதலில் அழுத்தி, அப்புறம் சைன். நாம் பழகினது சைன் அழுத்தி அப்புறம் எண். டிகிரியில் இருக்கிறதா ரேடியனில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அற்ப விஷயம்தான். வருடா வருடம் இதில் இரண்டு மூன்று மார்க்கைத் தொலைத்துவிட்டு வருகிறவர்கள் உண்டு.

அவளுக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது கேள்வியை விடுவது. நன்றாகப் படிக்கிற பிள்ளைக்குச் சின்ன வயதிலிருந்தே எதையும் விடாமல் எழுது என்று சொல்லியே வளர்த்திருக்கிறோம். இப்போது நான் போய் விடு என்கிறேன். ஞாயிற்றுக்கிழமைத் தேர்வுகளில் பின்னாலேயே நின்று, அரைகுறை என்று தோன்றுகிற கேள்வியில் கை போனால் மேசையில் தட்டுவேன். அக்டோபர் வரை தட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

அவளோடு படித்த ஒரு பையனுக்கு 2024-இல் எழுதினது மூன்றாவது முயற்சி. அவனுடைய மூன்று வருட ரெஸ்பான்ஸ் ஷீட்டையும் வாங்கி வரிசையாக வைத்துப் பார்த்தேன். ஒரே இடத்தில் ஒரே தப்பு. அவனுக்குப் படிப்பில் மனம் இல்லை, வேலைக்குப் போகப் பயம். "போதும்ல, டி.என்.பி.எஸ்.சி.யைப் பாரு" என்றேன். கோபித்துக்கொண்டு போனான். ஃபீஸ் வாங்கிக்கொண்டு நாலாவது வருடமும் உட்கார வைத்திருக்கலாம். எங்கள் தொழிலில் அப்படி நிறைய நடக்கிறது.

வயதாகிறது என்று யாராவது புலம்பினால் புதுமைப்பித்தனைச் சொல்வேன். நெல்லை இந்துக் கல்லூரியில் அவர் பி.ஏ. முடித்தது 1931-இல், 25 வயதில். ஒரு தடவை சொன்னபோது பின் பெஞ்சிலிருந்து, "அவருக்கு நெகட்டிவ் மார்க் இருந்துச்சா சார்?" என்று கேட்டான் ஒருவன். அதிலிருந்து கொஞ்சம் குறைத்துக்கொண்டேன்.

2024 டிசம்பரிலும் மழை பெய்து ஆற்றில் வெள்ளம் வந்தது. இந்தத் தடவை நீள நோட்டை பாலிதீன் பையில் சுற்றிப் பரணில் போட்டுவிட்டுத்தான் கைலாசபுரத்திலிருந்து கிளம்பினாள். உள்ளே எல்லாம் பால்பாயின்ட்.

2025 பிப்ரவரியில் எழுதினாள். 48 கேள்வியைத்தான் தொட்டாள், முந்தின வருடத்தைவிட 12 குறைவு. சம்பாதித்தது 53. ஐந்து தப்புக்கு அபராதம் 2.67. மார்ச் 19-இல் 50.33 என்று வந்தது. ஐ.ஐ.டி. கிடைக்கவில்லை. ஒரு என்.ஐ.டி.யில் நீர்வளப் பொறியியல் கிடைத்தது. அவள் அப்பா அல்வாவோடு வந்து, "ரெண்டாயிரத்து அறுநூறு நட்டம்தான் சார்" என்று சிரித்தார்.

அந்த ஐந்து தப்பில் ஒன்று என்ன தெரியுமா? யூனிட்.

இந்த வருட ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு வெளியே வராமல் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், ஒரு காரியம் செய்யுங்கள். ஸ்கோர் கார்டை மே 31 வரை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், அதற்கு அப்புறம் 500 ரூபாய் கேட்பார்கள். ரெஸ்பான்ஸ் ஷீட்டுக்கு அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டாம். பார்க்கப் பிடிக்காவிட்டாலும் இன்றைக்கே இறக்கி ஒரு பிரின்ட் எடுத்து வைத்துவிடுங்கள். ஜங்ஷனில் ஜெராக்ஸ் கடை திறந்துதான் இருக்கிறது.